சிகரெட்டை விட முடியுமா? முடியும்!

ஜனவரி முதல் தேதி. காலைக் காப்பி முடிந்ததும் ஓர் ஆபீஸ் குமாஸ்தா சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுக்கிறார். அதைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் எறிகிறார். "இன்றோடு இந்தச் சனியனைத் தலை முழுகிவிட்டேன்!" என்று மனைவியிடம் அறிவிக்கிறார். மனைவிக்கு ஒரே சந்தோஷம். அன்று வீட்டில் பாயசம்.

இரண்டாம் தேதி தலை கனக்கிறது. மூன்றாம் தேதி, பென்சிலைத் தொலைத்துவிட்டு வந்த பையனுக்கு முதுகில் அறை விழுகிறது. நான்காம் தேதி ஆபீஸில் மேலதிகாரி ஒரு வார்த்தை கடிந்து பேசுகிறார். குமாஸ்தாவின் கால்கள் தாமாகவே டீக்கடைப் பக்கம் திரும்புகின்றன. "ஒன்றே ஒன்று" என்று வாங்குகிறார். ஐந்தாம் தேதி சட்டைப் பையில் முழுப் பாக்கெட்!

"எனக்கு அப்போதே தெரியும், உங்களால் முடியாது என்று" என்கிறாள் மனைவி.

"என்ன செய்வது? எனக்கு மனோதிடம் போதாது" என்று அவரும் தலையை ஆட்டுகிறார்.

இந்த நாடகம் நடக்காத தெரு இல்லை. பார்ப்பதற்குச் சின்ன விஷயம். ஆனால், நான்காம் தேதி பிடித்த சிகரெட்டை விட, ஐந்தாம் தேதி ஆட்டிய தலைதான் அந்தக் குமாஸ்தாவுக்குப் பெரிய கெடுதலைச் செய்கிறது. "என்னால் முடியாது" என்று ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு அவர் முயற்சி செய்வதில்லை. முயற்சி செய்யாதவர் பழக்கத்தை விடுவதும் இல்லை.

சிகரெட்டை விட மனம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப்பட்ட மனம் வேண்டும் என்று சொல்பவர்தான் குறைவு.

பிடித்து வைத்திருப்பது எது?

முதலில் எதிரி யார் என்று தெரிய வேண்டும். புகையிலையில் நிக்கோடின் என்ற பொருள் இருக்கிறது. புகையை உள்ளே இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் அது மூளையைத் தொட்டுவிடுகிறது. தொட்டதும் ஒரு சின்ன நிம்மதி. ஆனால், சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்திலுள்ள நிக்கோடினில் பாதி கரைந்துவிடுகிறது. உடனே மனம் அரிக்கத் தொடங்குகிறது. "இன்னொன்று கொடு" என்கிறது. இப்படி ஒரு நாளைக்கு 10 தடவை, 20 தடவை பழகிய மூளை, திடீரென்று "இனிமேல் கிடையாது" என்றால் சும்மா இருக்குமா?

கோபம், தூக்கமின்மை, எதிலும் கவனம் நில்லாமை, அடிக்கடி பசி ஆகியவை இந்த வேதனையின் அடையாளங்கள். முதல் சில நாட்களில்தான் இது மிகவும் கடுமையாக இருக்கும். பிறகு படிப்படியாகக் குறையும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் அடங்கிவிடும் என்று டாக்டர்கள் கூறுகிறார்கள்.

குமாஸ்தா என்ன செய்தார்? மலையின் செங்குத்தான பகுதியை மூன்று நாள் மூச்சிரைக்க ஏறினார். உச்சியைத் தாண்டும் நேரத்தில் திரும்பி அடிவாரத்துக்கே இறங்கிவிட்டார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வழி எளிதாகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தலைவலியும் கோபமும் இனி ஆயுள் முழுவதும் இப்படியே இருக்கும் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்புத்தான் அவரைத் தோற்கடித்தது.

அவரிடம் மனோதிடத்துக்குக் குறைவே இல்லை. மழையிலும் வெயிலிலும் தவறாமல் ஆபீஸ் போகிறார். கடன் வாங்கியாவது பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். புரட்டாசி முழுவதும் மாமிசத்தைத் தொடுவதில்லை. இவரையா திடமில்லாதவர் என்பது?

யாருக்கு லாபம்?

"விட முடியாதவன் பலவீனன்" என்ற பேச்சால் லாபம் அடைபவர்கள் சிலர் உண்டு. 1988-ல் அமெரிக்க அரசின் தலைமை டாக்டர், சிகரெட் மனிதனை அடிமைப்படுத்துகிறது, அதற்குக் காரணம் நிக்கோடின் என்று அறிக்கை வெளியிட்டார். ஆனால், 1994 ஏப்ரலில் ஏழு பெரிய அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள் அந்நாட்டுப் பார்லிமெண்டுக் குழுவின் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். நிக்கோடின் அடிமைப்படுத்தும் என்று தாங்கள் நம்பவில்லை என்று, சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கூறினார்கள்!

அதாவது, சரக்கின் மேல் குற்றம் இல்லை, வாங்குகிறவன் மேல்தான் குற்றம் என்பது அவர்கள் கட்சி. நம் வீடுகளில் "உங்களுக்கு மனோதிடம் கிடையாது" என்று சொல்பவர்கள், தங்களை அறியாமல் அந்தக் கட்சிக்கே வக்காலத்து வாங்குகிறார்கள்.

நூறு சிகரெட் பிடித்தவர்

இங்கிலாந்தில் ஆலன் கார் என்று ஒருவர் இருந்தார். தொழில் கணக்கு வழக்கு பார்ப்பது. ஒரு நாளைக்கு 100 சிகரெட் வரை ஊதித் தள்ளியவர். பல தடவை சபதம் செய்து பல தடவை முறித்தவர். 1983-ல் ஒரு நாள் அவர் நிரந்தரமாக விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கணக்குத் தொழிலையும் விட்டுவிட்டு, மற்றவர்கள் சிகரெட்டை விட உதவுவதையே தொழிலாகக் கொண்டார். 1985-ல் அவர் எழுதி வெளியிட்ட புத்தகம் பல மொழிகளில் கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று.

அவர் சொன்ன யோசனையின் சாரம் மிகவும் எளிது. சிகரெட்டை விடும்போது மனிதன் எதையும் இழப்பதில்லை என்பதே அது.

சாதாரணமாக, விடுகிறவர் மனத்தில் என்ன இருக்கிறது? "ஐயோ, என் ஒரே சந்தோஷம் போய்விட்டதே. குடும்பத்துக்காக இந்தத் தியாகத்தைச் செய்கிறேன்" என்று இருக்கிறது. தியாகம் என்று நினைத்துவிட்டால், எந்த நேரமும் ஏக்கம்தான். நண்பர் பற்ற வைத்தால் பொறாமை. வீட்டில் யாராவது முகம் சுளித்தால், "உங்களுக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுகிறேன்" என்று ஆத்திரம். தண்டனை அனுபவிப்பவன் ஜெயில் கதவு எப்போது திறக்கும் என்று பார்ப்பது போல, இவரும் சபதத்தை முறிக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதே ஆள், "நான் ஜெயிலிலிருந்து வெளியே வருகிறேன்" என்று நினைத்தால்? தலைவலி வரத்தான் செய்யும். ஆனால், அது விலங்கு கழற்றும்போது உண்டாகும் வலி என்று தெரியும். வலியின் அளவு ஒன்றே. தாங்கும் மனம்தான் வேறு. இதைத்தான் நல்ல மனப்போக்கு என்று சொல்ல வேண்டும்.

"சிகரெட் பிடித்தால் மனக்கவலை தீருகிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலையில் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது? முந்தைய சிகரெட்டின் நிக்கோடின் கரைந்ததால் வந்தது. கூரையில் ஓட்டை போட்டவனே, ஒழுகும் இடத்தில் வைக்கப் பாத்திரமும் கொண்டு வந்து கொடுத்தால், அவனுக்கு நன்றி சொல்வதா?

இது வெறும் வாதம் அல்ல. 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 26 ஆராய்ச்சிகளின் முடிவுகளை ஒன்று சேர்த்து வெளியிட்டது. சிகரெட்டை விட்டவர்களுக்கு, தொடர்ந்து பிடித்தவர்களை விட மனக்கலக்கமும் சோர்வும் பரபரப்பும் குறைந்திருந்தன. விட்டால் சந்தோஷம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கனவு வேறு, நம்பிக்கை வேறு

நல்ல மனப்போக்கு என்றால் நல்லதையே நினைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடப்பது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

மனோதத்துவ நிபுணர் கேப்ரியேல் ஓட்டிங்கனும் அவருடைய சகா ஒருவரும் 1991-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அது உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களைப் பற்றியது. "என்னால் குறைக்க முடியும்" என்று எதிர்பார்த்தவர்களுக்கு எடை அதிகம் குறைந்தது. ஆனால், மெலிந்து அழகாகிவிட்டதாக இனிய கற்பனையில் மிதந்தவர்களுக்குக் குறைவாகவே குறைந்தது! கற்பனையிலேயே பலனை அனுபவித்துவிட்டால், கை கால் அசைய மறுக்கிறது போலும்.

சிகரெட்டுக்கும் இது பொருந்தும். "அடுத்த பொங்கலுக்குள் விட்டுவிடுவேன், அப்புறம் பார் என் உடம்பை" என்பது கனவு. "நாளைக் காலைக் காப்பிக்குப் பிறகு கை அரிக்கும், அந்த ஐந்து நிமிஷமும் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருவேன்" என்பது நம்பிக்கை. முன்னதில் தடங்கலே இல்லை. பின்னதில் தடங்கலும் இருக்கிறது, அதைத் தாண்டும் வழியும் இருக்கிறது.

"அடியோடு நிறுத்த வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறேன்" என்பதும் பல சமயம் கனவின் உடன்பிறப்புத்தான். 2016-ல் இங்கிலாந்தில் சுமார் 700 பேரிடம் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 100-க்கு 49 பேர் நான்கு வாரம் கழித்தும் தொடாமல் இருந்தார்கள். இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 100-க்கு 39 பேர்தான். அது மட்டுமல்ல. தினம் ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருதய நோய் அபாயத்தில் 20 சிகரெட் பிடிப்பவருக்கு உண்டாகும் கூடுதலில் ஏறக்குறையப் பாதி வந்துவிடுகிறது என்று 2018-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது.

பீடி லேசானது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பீடியில் புகையிலை குறைவு என்பது உண்மை. ஆனால், அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போகும் விஷம் சிகரெட்டுக்குச் சளைத்ததல்ல.

மனம் மட்டும் போதுமா?

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆலன் காரின் முறையை லண்டனில் பரீட்சை செய்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவர் முறைப்படி பயின்றவர்களில் 100-க்குச் சுமார் 19 பேர் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். அரசாங்க மருத்துவ சேவையில் ஆலோசனையும் மருந்தும் பெற்றவர்களில் சுமார் 15 பேர். இந்தச் சிறு வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டும் ஏறக்குறையச் சமம் என்பதே முடிவு.

எந்த உதவியும் இல்லாமல் தாமாகவே விட முயல்பவர்களில் 100-க்கு மூன்றிலிருந்து ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று தாக்குப் பிடிக்கிறார்கள் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அதனுடன் ஒப்பிட்டால் 15-ம் 19-ம் பெரிய வெற்றி. ஆனாலும், 100-க்கு 80 பேர் அந்தத் தடவை வெற்றி பெறவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே, "நல்லதை நினைத்தால் போதும், எல்லாம் நடந்துவிடும்" என்று உபதேசம் செய்வது ஏமாற்று. அப்படிச் சொல்லி, பிறகு தோற்றவரைப் பார்த்து "நீ சரியாக நினைக்கவில்லை" என்று பழி போடுவது அதைவிடப் பெரிய கொடுமை. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுவது அவமானம் இல்லை என்றால், நிக்கோடினுக்கு மருந்து சாப்பிடுவதும் அவமானம் இல்லை. மெல்லுவதற்கான நிக்கோடின் கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. புகையின் விஷங்களைக் கொடுக்காமல் அரிப்பை மட்டும் தணிப்பது அதன் வேலை. டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளும் உண்டு. இவற்றின் துணையால் வெற்றி கூடுகிறது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். மருந்தை நாடுகிறவர் மனோதிடம் இல்லாதவர் அல்ல. ஜெயிக்க வேண்டும் என்ற நினைப்பு உள்ளவர்.

அடி மேல் அடி

தோல்வியை எப்படி எடுத்துக்கொள்வது? இதில்தான் மனப்போக்கின் முழுப் பலமும் தெரிகிறது.

நான்காம் தேதி ஒரு சிகரெட் பிடித்துவிட்டார். சரி. மூன்று நாள் பிடிக்காமல் இருந்தாரே, அது எங்கே போயிற்று? தினம் 10 வீதம் 30 சிகரெட் அவர் நுரையீரலுக்குள் போகவில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில் தடுக்கி விழுந்தார் என்பதும் தெரிந்துவிட்டது. மேலதிகாரியின் கடுஞ்சொல்லும் டீக்கடை வாசலும் என்று எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை அங்கே விழ மாட்டார். ஒரு சிகரெட்டோடு நிறுத்திக்கொண்டு ஐந்தாம் தேதி மறுபடி ஆரம்பித்தால், அது சறுக்கல். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று பாக்கெட் வாங்கினால்தான் தோல்வி.

சிகரெட்டை விட்டவர்களில் அநேகர் பல தடவை முயன்றவர்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். முதல் அடியிலேயே நகராவிட்டால் அடிப்பவனைத் திட்டு என்று அவர்கள் சொல்லவில்லை.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்ற இன்னொரு பழமொழியையும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். சிகரெட்டை யாரும் தொட்டிலில் கற்றுக்கொள்வதில்லை. பதினெட்டு வயதில் இருமிக்கொண்டே கற்றுக்கொண்டது அது. கற்றதை மறக்கலாம்.

இதற்குச் சாட்சி, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் பிராட்ஃபோர்ட் ஹில்லுடன் சேர்ந்து வெளியிட்ட டாக்டர் ரிச்சர்ட் டால். ஆராய்ச்சி தொடங்கியபோது அவரும் புகைப்பவரே! நோயாளிகளின் கணக்குகள் சேரச் சேர உண்மை தெரிந்தது. ஆராய்ச்சி முடியும் முன்பே அவர் நிறுத்திவிட்டார். 2005-ல் 92-ம் வயதில் காலமானார்.

1951 முதல் அவர் பிரிட்டிஷ் டாக்டர்கள் பல்லாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து வந்தார். 50 ஆண்டுக் கணக்கு 2004-ல் வெளிவந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் மற்றவர்களை விடச் சராசரி 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். ஆனால், 60 வயதில் விட்டவர்கள் சுமார் 3 ஆண்டைத் திரும்பப் பெற்றார்கள். 50-ல் விட்டவர்கள் 6 ஆண்டு. 40-ல் விட்டவர்கள் 9 ஆண்டு. 30-ல் விட்டவர்களோ ஏறக்குறைய 10 ஆண்டையும் பெற்றுவிட்டார்கள். "இத்தனை வயதுக்கு மேல் விட்டு என்ன ஆகப் போகிறது" என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

எனினும், இளமையில் ஊதியதற்கெல்லாம் மன்னிப்புக் கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆலன் காரே 2006-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் விட்டு 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. எவ்வளவு சீக்கிரம் விடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதே இதன் பாடம்.

செய்ய வேண்டியவை

விட நினைப்பவர் ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். கல்யாணம், கணக்கு முடிக்கும் மாதக் கடைசி, நெருங்கிய நண்பர்களின் விருந்து ஆகியவை இல்லாத நாளாக இருப்பது நலம். முன்தினம் இரவே சிகரெட், தீப்பெட்டி, சாம்பல் தட்டு எல்லாவற்றையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

எந்தெந்த நேரத்தில் கை தேடும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத வேண்டும். காலைக் காப்பிக்குப் பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்று ஐந்தாறு நேரம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு மாற்று வேலையையும் எழுத வேண்டும். ஆசை எழுந்தால் உடனே இணங்காமல் சில நிமிஷம் தள்ளிப் போடலாம். மெதுவாகத் தண்ணீர் குடிக்கலாம். மூச்சை ஆழமாக இழுத்து விடலாம். இடத்தைவிட்டு எழுந்து போகலாம். ஆசை அலை போன்றது. சில நிமிஷத்தில் தானே தணிந்துவிடும்.

"நான் சிகரெட்டை விடப் பார்க்கிறேன்" என்று சொல்வதை விட, "நான் பிடிப்பதில்லை" என்று சொல்லிப் பழகுவது நல்லது. முன்னதைக் கேட்ட நண்பர், "அட, ஒன்று பிடிப்பா" என்பார். பின்னதைக் கேட்டவர் பாக்கெட்டை மடக்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

வீட்டிலுள்ளவர்களுக்கும் வேலை உண்டு. பையைச் சோதிப்பது, வாயை முகர்ந்து பார்ப்பது, பிள்ளைகளின் எதிரில் ஏளனம் செய்வது ஆகியவை வேண்டாம். முதல் இரண்டு வாரம் அவர் சிடுசிடுத்தால், அது நிக்கோடினின் கோபம் என்று பொறுத்துக்கொள்ளலாம். "இன்றோடு எட்டு நாள் ஆயிற்றே!" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு யானை பலம் வரும். தினம் 10 சிகரெட் பிடித்தவருக்கு ஓர் ஆண்டில் 3,650 சிகரெட்டின் காசு மிச்சம். அதை ஓர் உண்டியலில் போட்டு, என்ன வாங்குவது என்று குடும்பத்தோடு யோசிக்கலாம்.

உதவிக்கு அரசாங்கமும் இருக்கிறது. 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசியில் பேசி ஆலோசனை கேட்கலாம். 2016-ல் தொடங்கிய ஏற்பாடு இது. 2018 முதல் சிகரெட் பாக்கெட்டின் மேலேயே இந்த எண்ணை அச்சிட்டிருக்கிறார்கள்.

நாட்டு நிலவரமும் நம்பிக்கை அளிப்பதாகவே இருக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை அமலுக்கு வந்தது. 2009-10-ல் இந்தியாவில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேர் புகைத்தார்கள். 2016-17-ல் எடுத்த கணக்கில் அது 11-க்கும் கீழே இறங்கிவிட்டது. விட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் முனிவர்கள் அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும் சாதாரண மனிதர்கள்தான்.

குமாஸ்தா அடுத்த ஜனவரி வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. போன தடவை மூன்று நாள் இருந்தவர் அவர். மூன்று நாள் முடிந்தவருக்கு நான்காம் நாளும் முடியும். இந்த முறை நான்காம் தேதி மாலை அவர் டீக்கடைப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்கு வரட்டும். பாயசத்தை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம்.